சிஎஃப்டி அறிக்கையை எதில் திறப்பது: சொல்வரிலா, உலாவியிலா, பாராவியூவிலா?

நிலக்கீழ் வாகனத் தரிப்பிடமொன்றின் புகை அகற்றல், உயர்மாடியொன்றின் அடிவாரத்தில் நடப்பவர்மேல் வீசும் காற்று, சேர்வர் அறையொன்றின் குளிரூட்டல். கொழும்பிலுள்ள ஆலோசனை அலுவலகங்களின் மேசைக்கு வரும் கணிப்பியல் பாய்ம இயக்கவியல் (சிஎஃப்டி) வேலைகள், அதாவது காற்றும் புகையும் எப்படி நகரும் என்பதைக் கணினியில் கணிக்கும் வேலைகள், இந்த மாதிரியானவை. கணக்கு ஓடி முடிந்ததும் அதைப் பார்க்க வேண்டியவர்கள் குறைந்தது மூன்று பேர்: கணக்கை ஓட்டிய பொறியியலாளர், அதைச் சரிபார்த்துக் கையொப்பமிடும் மூத்த பொறியியலாளர், வாடிக்கையாளர் பக்கத்துக் கட்டடக் கலைஞர். முதலாமவருக்குத் தோண்டிப் பார்க்க இடம் வேண்டும். இரண்டாமவருக்கு எல்லை நிபந்தனைகளும் (ஓரங்களில் இட்ட காற்று வேகம், வெப்பநிலை போன்ற உள்ளீடுகள்) எண்களும் வேண்டும். மூன்றாமவருக்குத் தொலைபேசியிலும் திறக்கும் ஒரு கோப்பு போதும். ஒரே வழியால் மூவரையும் திருப்திப்படுத்த முயலும்போதுதான் வேலை இழுபடுகிறது.

கணக்கைத் தீர்க்கும் மென்பொருளான சொல்வரிலா, உலாவியிலா, முடிவுகளைப் படமாக்கும் மென்பொருளான பாராவியூவிலா, எதில் பார்க்கப்போகிறோம் என்பதைக் கணக்கை ஓடவிடும் முன்பே முடிவு செய்ய வேண்டும். இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஓட்டம் தொடங்கும்போது பதியச் சொல்லாத எண்களைப் பின்னர் எந்த மென்பொருளாலும் மீட்டுத் தர முடியாது. படத்தை எப்போதும் புதிதாக வரையலாம். 400ஆவது நேரப்படியில் (கணக்கு நேரத்தில் முன்னேறும் சிறு படி) வெளியேற்றுத் துவாரத்தின் வெப்பநிலை என்ன என்பதை, அந்த நேரப்படி சேமிக்கப்பட்டிருக்காவிட்டால், மறுபடி ஓட்டித்தான் அறியலாம்.

சொல்வரின் உள்ளேயே பார்ப்பது

சொல்வர்களில் ஒன்றான ஆன்சிஸ் ஃப்ளூயன்டில், கண்காணிக்க வேண்டிய எண்ணை வரையறுக்கும் 'ரிப்போர்ட் டெஃபினிஷன்' ஒன்றை உருவாக்கும் பெட்டியிலேயே 'ரிப்போர்ட் ஃபைல்', 'ரிப்போர்ட் ப்ளொட்', 'பிரின்ட் டு கன்சோல்' என்ற தெரிவுகள் இருக்கின்றன. பலர் ப்ளொட்டை மட்டும் தெரிந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வளைகோடு திரையில் நகர்வதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதன் எண்கள் தனிக் கோப்பாக வட்டில் எழுதப்பட வேண்டுமானால் 'ரிப்போர்ட் ஃபைல்' தெரிவையும் இட வேண்டும். அதனால் உருவாகும் 'அவுட்' கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. தலைப்பு வரிகளுக்குக் கீழே இடைவெளியால் பிரிந்த நிரல்கள் இருக்கும். எக்செலில் திறக்கும்போது பிரிப்பானாக இடைவெளியைத் தெரிந்தால் நிரல்கள் ஒழுங்காக விழும்.

இந்தச் சிறு கோப்பின் அருமை மின்சாரம் போகும்போது தெரியும். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்டதைக் கொழும்பில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்று அந்த நிலை இல்லை என்றாலும் நீண்ட ஓட்டத்தின் நடுவே யுபிஎஸ் தீர்ந்துபோவது நடக்கக்கூடியதே. அப்போது முழுத் தரவு கடைசி 'ஆட்டோசேவ்' வரைதான் மிஞ்சும். ரிப்போர்ட் கோப்பிலோ அணைவதற்குச் சற்று முன்பு வரையான வரிகள் இருக்கும். ஓட்டத்தை மறுபடி தொடங்கும்போது பழைய கோப்பின் பெயரோடு எண் ஒட்டிய புதுக் கோப்பு உருவாகலாம் என்பதையும் கவனியுங்கள். இரண்டையும் ஒன்றுசேர்க்காமல் வரைந்தால் வரைபின் முன்பாதி காணாமல் போயிருக்கும்.

ஓட்டம் முடிந்த பின் 'ரிசல்ட்ஸ்' பகுதியின் 'ரிப்போர்ட்ஸ்' கிளையில் பாய்ச்சல், விசை, மேற்பரப்புத் தொகையீடு, கனவளவுத் தொகையீடு என்பனவற்றைக் கேட்டு வாங்கலாம். விடை கன்சோலில் (கட்டளைச் சாளரத்தில்) அச்சாகும். அங்கே அச்சானது அங்கேயே மறையும். ஆகவே முதலில் 'ஸ்டார்ட் டிரான்ஸ்கிரிப்ட்' கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கன்சோலில் வந்த ஒவ்வொரு வரியும் கோப்பில் பதிந்துவிடும்.

இன்னொரு சொல்வரான ஸ்டார்-சிசிஎம் பிளஸ் இதே விஷயத்தை இரண்டாகப் பிரிக்கிறது. அதில் 'ரிப்போர்ட்' என்பது அந்தக் கணத்திலுள்ள தீர்விலிருந்து ஒரு எண்ணைக் கணித்துச் சொல்வது மட்டும்தான். வரலாறு வேண்டுமானால் ஓட்டத்துக்கு முன்னரே அந்த ரிப்போர்ட்டிலிருந்து மொனிட்டரையும் ப்ளொட்டையும் உருவாக்க வேண்டும். முடிந்த பிறகு உருவாக்கினால் அது அன்றிலிருந்துதான் பதியத் தொடங்கும். ஃப்ளூயன்டிலிருந்து இந்த மென்பொருளுக்கு மாறுபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

சொல்வரின் உள்ளே பார்ப்பதன் பலம், கணக்கு பிழையாகப் போவதை உடனே பிடித்து நிறுத்தலாம் என்பது. பலவீனம் உரிமம். ஒருவர் முடிந்துபோன கணக்கைத் திறந்து வைத்துப் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது டொலரில் வாங்கிய உரிமமொன்று பூட்டிக் கிடக்கிறது. இரண்டு மூன்று உரிமங்களை எல்லோரும் பகிரும் அலுவலகத்தில் அது இன்னொருவரின் ஓட்டத்தை நிறுத்தி வைப்பதற்குச் சமம்.

ஆயத்த அறிக்கை: எச்டிஎம்எல், பிடிஎஃப்

ஃப்ளூயன்டின் புதிய பதிப்புகளில் 'சிமுலேஷன் ரிப்போர்ட்' இருக்கிறது. மெஷ் (வெளியைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலை) விவரம், பௌதிக மாதிரிகள், பொருட்களின் இயல்புகள், எல்லை நிபந்தனைகள், தீர்வின் நிலை, ரிப்போர்ட் டெஃபினிஷன்களின் இறுதி மதிப்புகள், வரைபுகள், படங்கள் எல்லாவற்றையும் அதுவே தொகுக்கிறது. எச்டிஎம்எல், பிடிஎஃப், பவர்பொயின்ட் ஆகிய வடிவங்களில் வெளியே எடுக்கலாம். சரிபார்ப்பவருக்கு இதைவிட நல்ல ஆவணம் கிடையாது. ஜெட் விசிறியின் உந்துவிசையாக எந்த எண் இடப்பட்டது, எந்தக் கொந்தளிப்பு மாதிரி, காற்றின் அடர்த்தி எவ்வளவு என்பவற்றை ஓட்டியவரின் வாய்ச்சொல்லை நம்பாமல் நேரே பார்க்கலாம். கையால் தட்டச்சிட்ட அறிக்கையில் ஓட்டத்துக்குப் பிந்திய திருத்தங்கள் நுழைந்துவிடும். இதில் அதற்கு வாய்ப்புக் குறைவு.

ஒரு குறை உண்டு. பெயரிட்டுச் சேமித்த கிராஃபிக்ஸ் பொருள்கள்தான் அறிக்கைக்குள் வரும். போகிற போக்கில் 'டிஸ்ப்ளே' அழுத்திப் பார்த்த படம் வராது. திரையே இல்லாத லினக்ஸ் சேர்வரில் ஓட்டும்போது இன்னொரு சிக்கல் சேரும்: 'ஜி' தெரிவோடு தொடங்கினால் கிராஃபிக்ஸ் முழுக்க அணைந்திருக்கும், படம் எதுவும் உருவாகாது. படக் கோப்புகள் வேண்டுமானால் 'ஜியு' தெரிவோடு கிராஃபிக்ஸ் டிரைவராக 'நல்' என்பதைக் கொடுத்துத் தொடங்குங்கள்.

முடிவுகளைப் பார்க்கும் ஆன்சிஸ் மென்பொருளான சிஎஃப்டி-போஸ்ட் பழையது, ஆனாலும் பல அலுவலகங்களின் அறிக்கை வார்ப்புருக்கள் இன்னும் அதில்தான் இருக்கின்றன. இடது மரத்தின் 'ரிப்போர்ட்' கிளையில் தேவையானவற்றைத் தெரிந்து, 'ரிப்போர்ட் வியூவர்' தாவலில் பார்த்து, 'பப்ளிஷ்' கொடுப்பது வழமை. இங்கே மூன்று இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, தீர்வு மாறினாலும் 'ரிஃப்ரெஷ்' அழுத்தும்வரை வியூவரில் பழைய பக்கமே நிற்கும். புதிய கணக்கின் பெயரில் பழைய அட்டவணை வெளியே போவது இப்படித்தான். இரண்டாவது, நீங்கள் எடுத்து வைத்த 'ஃபிகர்' மூலப் பொருள்களோடு தொடர்பில் இருக்கிறது. நான்காவது படத்துக்காக ஒரு தளத்தை நகர்த்தினால் முதல் படத்திலும் அது நகரும். ஃபிகரை உருவாக்கும்போது பொருள்களின் பிரதியை எடுக்கும் தெரிவை இட்டால் இது நேராது. மூன்றாவது, எச்டிஎம்எல் வெளியீட்டில் பக்கம் ஒரு கோப்பாகவும் படங்கள் தனிக் கோப்புறையாகவும் பிரியலாம். பக்கத்தை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினால் பெறுபவருக்குப் படங்களின் இடத்தில் வெற்றுப் பெட்டிகள்தான் தெரியும். இரண்டையும் ஒன்றாகச் சுருக்கி அனுப்ப வேண்டும். பெறுபவரும் முழுவதையும் விரித்த பின்பே திறக்க வேண்டும்.

முப்பரிமாணக் காட்சி பதிந்த எச்டிஎம்எல் பக்கங்கள் சில நேரம் கோப்புறையிலிருந்து இரட்டைச் சொடுக்கினால் வெறுமையாகத் திறக்கும். பக்கம் பழுதாகியிருக்காது. வட்டிலிருந்து நேரே திறந்த பக்கம் அதே கோப்புறையிலுள்ள வேறு கோப்புகளை வாசிப்பதை உலாவிகள் பாதுகாப்புக்காகத் தடுக்கின்றன. அந்தக் கோப்புறையில் பைதனின் சிறு எச்டிடிபி சேர்வரை 8000ஆம் போர்ட்டில் தொடங்கி, உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் 8000 முகவரிக்குப் போனால் திறந்துவிடும். பொறியியலாளருக்கு இது ஒரு நிமிட வேலை. கட்டடக் கலைஞரிடம் இதைச் செய்யச் சொல்வது நியாயமில்லை. அவருக்கு பிடிஎஃப்தான் சரி.

அனுப்பும் முறையும் அறிக்கையின் தரத்தை மாற்றும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு நிற அளவுகோலின் எண்கள் மங்கிப்போகும். 'டொகியுமென்ட்' ஆக அனுப்புங்கள். ஜிமெயிலில் இணைப்புக்கு 25 எம்பி வரம்பு. படங்களை ஜேபெக் ஆக அல்லாமல் பிஎன்ஜி ஆக வையுங்கள்; மெல்லிய கோடுகளும் எழுத்துகளும் சிதையாமல் இருக்கும்.

ஓப்பன்ஃபோமும் பாராவியூவும்

ஓப்பன்ஃபோம் சொல்வர், பாராவியூ அதன் முடிவுகளைப் படமாக்குவது; உரிமச் செலவே இல்லாத வழி இது. ஆயத்த அறிக்கை என்று எதுவும் கிடையாது. எழுத்துக் கோப்புகளும் பாராவியூவும்தான். அதைக் குறையாகப் பார்ப்பவர்கள் உண்டு. எண் எங்கிருந்து வந்தது என்பது மறைவே இல்லாமல் தெரிவதால், சரிபார்க்கத் தெரிந்தவர் கையில் இது மிக நேர்மையான வழி என்பது எமது கருத்து.

ஓட்டத்தின் அமைப்புகள் இருக்கும் 'கன்ட்ரோல்டிக்ட்' கோப்பின் 'ஃபங்ஷன்ஸ்' பகுதியில் விசை, மேற்பரப்புச் சராசரி, அளவிடு புள்ளிகள் முதலியவற்றை முன்கூட்டியே எழுதினால், ஓட ஓட 'போஸ்ட்பிராசஸிங்' கோப்புறையில் எண்கள் சேரும். ஃபோம்மொனிட்டரைக் கொண்டு அவற்றை நேரலையாக வரைந்தும் பார்க்கலாம். பின்னணியில் வரைபு மென்பொருளான க்னுப்ளொட் நிறுவியிருக்க வேண்டும். எழுத மறந்ததைப் பின்னரும் கணிக்கலாம். ஆனால் வட்டில் சேமித்த நேரங்களுக்கு மட்டும். 'பர்ஜ்ரைட்' என்பதற்கு 2 கொடுத்திருந்தால் கடைசி இரண்டு நேரக் கோப்புறைகள் தவிர மற்றவை அழிந்திருக்கும். வட்டு இடத்தை மிச்சம் பிடிக்க இட்ட அந்த ஒரு எண், புகை பரவும் வரிசையைக் காட்டும் வாய்ப்பையே எடுத்துவிடும். நிலைத்த பாய்ச்சலுக்கு அது சரி. நேரத்தோடு மாறும் கணக்குக்கு 0 ஆக விடுங்கள். இடைநிறுத்தித் தொடர்ந்த ஓட்டத்தில், தொடங்கிய நேரத்தின் பெயரில் இன்னொரு உட்கோப்புறை உருவாகும். முழு வரலாறு வேண்டுமானால் எல்லாவற்றையும் கோத்து, ஒன்றன்மேல் ஒன்று விழும் நேரங்களை நீக்க வேண்டும்.

பாராவியூவில் திறக்க, கேஸ் கோப்புறைக்குள் 'ஃபோம்' என்ற நீட்சியுடன் ஒரு வெற்றுக் கோப்பு போதும். பல கோர்களில் ஓட்டி இன்னும் ஒன்றுசேர்க்காத தரவானால் 'கேஸ் டைப்' தெரிவை 'டிகம்போஸ்ட் கேஸ்' என்று மாற்றுங்கள்; மாற்றாவிட்டால் தொடக்க நேரம் மட்டும் தெரியும் அல்லது ஒன்றுமே தெரியாது. 'அப்ளை' அழுத்தும்வரை எதுவும் வராது என்பதும் புதியவர்களுக்குச் சொல்லப்பட வேண்டியது.

பாராவியூ படங்களில் வரும் பெரிய பிழை நிற வீச்சு. ஒவ்வொரு காட்சிக்கும் வீச்சைத் தானாக நீட்டவிட்டால் 60 பாகை வெப்பநிலையும் 200 பாகை வெப்பநிலையும் ஒரே சிவப்பில் நிற்கும். இரண்டு வடிவமைப்புகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் அறிக்கையில் இது வெறும் அழகுக் குறை இல்லை, தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும் பிழை. வீச்சைக் கையால் இட்டு, எல்லாப் படங்களுக்கும் அதையே வையுங்கள். ஃப்ளூயன்டின் 'ஆட்டோ ரேஞ்ச்' தெரிவிலும் இதே ஆபத்து இருக்கிறது. நிறவரிசையும் யோசிக்க வேண்டியது. அரச அலுவலகங்களுக்குப் போகும் அறிக்கை கறுப்பு வெள்ளையில் நிழற்பிரதி எடுக்கப்படும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பாராவியூவில் நீண்ட காலம் இயல்பாக இருந்த நீலம்–சிவப்பு வரிசையில் இரு முனைகளும் கடுமையானவை. பிரதியில் மிகக் குறைந்ததும் மிகக் கூடியதும் ஒரே சாம்பல் நிறமாகும். 'விரிடிஸ்' வரிசை இருளிலிருந்து ஒளிக்குச் சீராக ஏறுவதால் பிரதியிலும் வாசிக்கலாம்.

கணினி வேறிடத்தில் இருந்தால்

12 மில்லியன் செல் கொண்ட தரிப்பிடக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்து மாறிகளை இரட்டைத் துல்லியத்தில் சேமித்தால் ஒரு நேரப்படிக்கு 960 எம்பி. நூறு நேரப்படிகளுக்கு 96 ஜிபி. நொடிக்கு 20 மெகாபிட் தரும் இணைப்பில் அதை இறக்கப் பத்தரை மணி நேரத்துக்கு மேல் போகும். பெரிய முகில் சேவைகள் வெளியே எடுக்கும் தரவுக்கும் கட்டணம் அறவிடுகின்றன. ஆகவே தரவை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்ப்பது என்ற தெரிவை இந்த அளவில் மறந்துவிடலாம்.

மிஞ்சுவது இரண்டு. ஒன்று, சேர்வரில் பாராவியூவின் சேர்வர் பகுதியான பிவிசேர்வரைத் தொடங்கி, எஸ்எஸ்எச் சுரங்கத்தின் (பாதுகாப்பான தொலை இணைப்பின்) வழியே 11111ஆம் போர்ட்டை மடிக்கணினியின் பாராவியூவோடு இணைப்பது. இரு பக்கமும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கைகுலுக்கும் கட்டத்திலேயே இணைப்பு அறுந்துவிடும். வரைய வேண்டிய வடிவம் 20 எம்பியைத் தாண்டினால் சேர்வரே வரைந்து படத்தை மட்டும் அனுப்பும். அதற்குக் குறைந்தால் வடிவத்தையே அனுப்பும். இணைப்பு மெதுவானால் அமைப்புகளில் அந்த எல்லையை 0 ஆக்கிப் பாருங்கள், சுழற்றும்போது வரும் தடக்கம் குறையலாம். லினக்ஸின் சாளர முறையான எக்ஸ்11 வழியாக முழுச் சாளரத்தையும் இழுத்துவருவதை மட்டும் தவிருங்கள். தொலைதூர இணைப்பில் ஒவ்வொரு அசைவுக்கும் காத்திருக்க வேண்டிவரும். முழுத் திரையும் வேண்டுமானால் தொலைத்திரை மென்பொருளான விஎன்சி நல்லது.

மற்றது, ஓடும்போதே தேவையான தளங்களை மட்டும் வெட்டி எழுதச் செய்வது. தரையிலிருந்து 1.7 மீட்டர் உயரத்தில் ஒரு கிடைத்தளம், இரண்டு மூன்று நிலைக்குத்துத் தளங்கள். ஒவ்வொன்றும் சில இலட்சம் செல்களை வெட்டினாலும் சில பத்து எம்பிக்குள் அடங்கும். நாங்கள் இந்த வழியையே முதலில் பரிந்துரைப்போம். எந்தத் தளம் தேவை என்பதை முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருப்பது இதன் குறை. அந்த யோசனையே கணக்கையும் தெளிவாக்குகிறது.

சிம்ஸ்கேல் போல உலாவியிலேயே எல்லாம் நடக்கும் சேவைகளில் பார்ப்பது மிக இலகு. ஆனால் அதன் இலவசத் திட்டத்தில் கணக்குகள் பொதுவில் எவரும் பார்க்கும்படி இருக்கும். வாடிக்கையாளரின் கட்டட வரைபடத்தை அங்கே ஏற்றக் கூடாது.

ஒரே கணக்கு, வேறு எண்

வழிகளை ஒப்பிடும்போது வசதியைவிட இதற்கே கூடிய நிறை கொடுக்க வேண்டும். ஃப்ளூயன்டின் பாய்ச்சல் அறிக்கையில் உள்ளே வரும் திணிவு நேர், வெளியேறுவது மறை. ஓப்பன்ஃபோமில் எல்லை முகங்களின் செங்குத்து வெளிநோக்கியது. ஆகவே உள்ளே வருவது மறை. இரண்டையும் கலந்து அட்டவணை போடுபவர் விசிறி தலைகீழாக ஓடுகிறது என்று முடிவுகட்டிவிடலாம். குறி எதுவானாலும் எல்லாவற்றையும் கூட்டினால் வரும் மிச்சம், உள்ளே வரும் பாய்ச்சலின் 1 சதவீதத்தைத் தாண்டினால் அந்த அறிக்கையை மேலே வாசிக்கத் தேவையில்லை. கணக்கு இன்னும் ஒடுங்கவில்லை, அதாவது நிலைத்த விடைக்கு வந்து சேரவில்லை.

அமுக்கமும் அப்படியே. ஓப்பன்ஃபோமின் அமுக்கப்படா பாய்ச்சல் சொல்வர்கள் அமுக்கத்தை அடர்த்தியால் வகுத்தே வைத்திருக்கின்றன. பாராவியூவில் 40 என்று தெரிந்தால் அது 40 பாஸ்கல் அல்ல. கொழும்பின் 30 பாகைக் காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு ஏறக்குறைய 1.16 கிலோகிராம், பெருக்கினால் 46 பாஸ்கலுக்குச் சற்று மேல். மென்பொருளில் இயல்பாக இருக்கும் 1.225 என்பது 15 பாகைக் காற்றுக்குரியது. அதை மாற்றாமல் விட்டால் காற்று விசை 5 சதவீதம் கூடிவரும். இழுவைக் குணகத்துக்கு 'ரெஃபரன்ஸ் வல்யூஸ்' பகுதியில் பரப்பளவையும் வேகத்தையும் இடாவிட்டால் ஃப்ளூயன்ட் 1 சதுர மீட்டர், நொடிக்கு 1 மீட்டர் என்று எடுத்துக்கொண்டு அபத்தமான எண்ணைத் தரும். விசை மட்டும் சரியாகவே இருக்கும்.

சராசரி இன்னொன்று. வெளியேற்றுத் துவாரத்தின் வெப்பநிலைக்குத் திணிவு நிறையிட்ட சராசரி வேண்டும். பரப்பு நிறையிட்டது வேகம் குறைந்த ஓரங்களுக்கும் சம இடம் கொடுத்துவிடும். பாராவியூவின் 'இன்டகிரேட் வேரியபிள்ஸ்' தருவது சராசரியே அல்ல, தொகையீடு. பரப்பால் வகுக்க வேண்டும். ஃப்ளூயன்ட் செல்களின் மையத்தில் கணிக்கிறது, சிஎஃப்டி-போஸ்ட் கணுக்களில் (செல்களின் மூலைகளில்) இடைக்கணித்துக் காட்டுகிறது. அதனால் ஒரே மேற்பரப்பின் உச்ச மதிப்பு இரண்டிலும் ஒத்துவராது. எந்த மென்பொருளில், எந்தச் சராசரியால் வந்தது என்று அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

யாருக்கு எது

ஃப்ளூயன்ட் உரிமமுள்ள சிறிய அலுவலகத்துக்கு: ஓட்டத்துக்கு முன் ரிப்போர்ட் கோப்புகள், முடிந்ததும் சிமுலேஷன் ரிப்போர்ட்டின் பிடிஎஃப், கூடவே அந்த அவுட் கோப்புகள். சரிபார்ப்பவருக்கு அந்த பிடிஎஃப்பும் அவுட் கோப்புகளும் போகட்டும்; வாடிக்கையாளருக்கு எட்டுப் பத்துப் படங்களுடன் ஒரு பிடிஎஃப் மட்டும். சிஎஃப்டி-போஸ்டில் புதிதாக வார்ப்புரு கட்டுவதற்கு இனிக் காரணமில்லை; ஏற்கெனவே நன்றாக ஓடும் வார்ப்புரு இருந்தால் கலைக்கவும் தேவையில்லை.

மாதத்துக்கு ஒன்றிரண்டு கணக்கு மட்டும் வரும் இடத்துக்கு ஓப்பன்ஃபோமும் பாராவியூவும் போதும். பாராவியூவின் நிலைக் கோப்பைச் சேமித்து வைத்தால் அடுத்த வடிவமைப்புக்கு அதே கோணம், அதே வீச்சு, அதே தளங்கள் உடனே கிடைக்கும். பார்ப்பதற்காக மட்டும் இன்னொரு வணிக உரிமம் வாங்குவதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம்.

மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் போல ஆய்வுகூடக் கணினியில் ஓட்டி வீட்டில் பார்க்க விரும்புபவர்களுக்கு ஆன்சிஸின் இலவச மாணவர் பதிப்பு உதவும் என்று தோன்றலாம். அதில் மெஷ் அளவுக்கு வரம்புண்டு, பணம் வாங்கும் வேலைக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை. ஆய்வுகூடத்தில் கட்டிய பெரிய மெஷ் வீட்டில் திறக்காது. புறப்படும் முன் தேவையான தளங்களை பாராவியூ வாசிக்கும் என்சைட் வடிவில் வெளியே எடுத்து, அவுட் கோப்புகளோடும் டிரான்ஸ்கிரிப்டோடும் பென் டிரைவில் போட்டுக்கொண்டால் மீதி வேலை முழுவதையும் சாதாரண மடிக்கணினியில் செய்து முடிக்கலாம்.